மாற்றம் செய்த பழைய ஜீப் சேசிஸ்: எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

பழைய ஜீப்பை ஒரிஜினல் நிலைக்குக் கொண்டுவரும் ரெஸ்டோரேஷனுக்கு, 80 அங்குல வீல்பேஸ் (முன், பின் ஆக்சில்களின் இடைத்தூரம்) ஜீப்பில் யார் கையும் படாத சேசிஸ் கிடைப்பது அபூர்வம். மஹிந்திரா 1940-களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டத் தொடங்கியது. பின்னால் வந்த சிஜே-3பி பல பத்தாண்டுகள் தயாரிப்பில் இருந்தது. எஸ்டேட்டிலும் சூளையிலும் உழைத்த வண்டிகள் அவை. பெட்ரோல் எஞ்சினை இறக்கி டீசல் ஏற்றியிருப்பார்கள், ஆள் ஏற்ற நீளம் கூட்டியிருப்பார்கள், பவர் ஸ்டீயரிங்குக்கு இடம் பண்ணியிருப்பார்கள். அதனால் விற்பவரிடம் "மாடிஃபை பண்ணினதா?" என்று கேட்டுப் புண்ணியமில்லை. எதை மேலே சேர்த்தார்கள், எதை வெட்டி எடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். சேர்த்த பிராக்கெட்டை ஒரு மத்தியானத்தில் கிரைண்டர் போட்டு எடுத்துவிடலாம். ஸ்பிரிங்கைச் சேசிஸோடு பிடிக்கும் ஹேங்கரை வெட்டிப்போட்டிருந்தால், அதை அதே இடத்தில், அதே கோணத்தில் திரும்ப உட்கார வைப்பதற்கு ஜிக் என்ற அளவுச் சட்டம் வேண்டும். அது எல்லாப் பட்டறையிலும் இருக்காது.

இங்கே சொல்வதெல்லாம் வில்லிஸ் எம்பி, ஃபோர்டு ஜிபிடபிள்யூ, சிஜே-2ஏ, சிஜே-3பி என்ற 80 அங்குலக் குடும்பத்துக்கு. அம்பாசடருக்கும் பத்மினிக்கும் தனி சேசிஸே கிடையாது. அவற்றின் பாடியே சேசிஸ், அந்தக் கணக்கு வேறு.

முதலில் நம்பர். இரும்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் நம்பர் சரியில்லை என்றால் டேப்பை வெளியே எடுக்கவே வேண்டாம். எம்பியில் நம்பர் தகடு இடது லாங் மெம்பரின் (சேசிஸின் நீளவாட்டத்து இரும்பு) உள்பக்கம், முன் பம்பருக்குப் பின்னால் ரிவிட் அடித்து இருக்கும். ஜிபிடபிள்யூவில் இடது மெம்பரின் மேல்முகத்தில், முன் ஷாக் அப்சார்பர் பிராக்கெட் பக்கமாக, இரும்பிலேயே குத்தியிருக்கும். இரண்டையும் தூரத்திலிருந்தே பிரித்துச் சொல்ல இன்னொரு வழி உண்டு: லாங் மெம்பர்களைக் குறுக்கே சேர்க்கும் முன் கிராஸ் மெம்பர் உருண்டைக் குழாயாக இருந்தால் எம்பி, சதுர வாட்டத்தில் இருந்தால் ஜிபிடபிள்யூ. உருண்டைக் குழாயைக் காட்டி "ஃபோர்டு" என்று விலை சொன்னால், சேசிஸ் மாறியிருக்கிறது, அல்லது விற்பவருக்கே தெரியவில்லை.

நம்பர் இருக்கும் இடத்தில் பெயின்ட்டைத் தின்னர் போட்டுத் துடைத்துவிட்டு, காகிதம் வைத்துப் பென்சில் பிரிண்ட் எடுங்கள். எழுத்துகளைச் சுற்றி உள்ள தகடு மற்ற இடத்தைவிட வழவழவென்று இருந்தால் அரைத்திருக்கிறார்கள். நாலு பக்கமும் மெல்லிய கோடு தெரிந்தால் நம்பர் துண்டை வேறு சேசிஸிலிருந்து வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். இரண்டுமே குற்றம், எந்த விலைக்கும் வேண்டாம்.

அடுத்தது கோணம். தரை மட்டமாக உள்ள இடத்தில் நாலு ஸ்டாண்டில் சேசிஸை ஏற்றி, ரசமட்டம் வைத்துச் சரி செய்யுங்கள். நாலு ஸ்பிரிங்கின் அசையாத முனை, அதாவது ஷாக்கிள் என்ற ஆடும் இணைப்பு இல்லாத பக்கத்து போல்ட் ஓட்டை, இவைதான் அளவுப் புள்ளிகள். ஒவ்வொன்றிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். சேசிஸை நகர்த்திவிட்டுத் தரையில் அளந்தால் எஞ்சின் பிராக்கெட்டோ குழாயோ டேப்புக்குக் குறுக்கே வராது. இடது முன்–வலது பின், வலது முன்–இடது பின் என்ற இரண்டு மூலைவிட்டமும் 3 மி.மீ.க்குள் ஒத்துப்போனால் நல்ல சரக்கு. 6 மி.மீ. வரை ஜாக்கியும் சங்கிலியும் வைத்து இழுத்துவிடலாம். 10 மி.மீ. தாண்டினால் ஒரு காலத்தில் எதிலோ மோதிய வண்டி. சரி செய்யும் கூலிக்கு வேறு சேசிஸ் தேடலாம். ஆக்சில்கள் மாட்டியிருந்தால் இடது, வலது வீல்பேஸ் இரண்டையும் தனித்தனியாக அளங்கள். புத்தகக் கணக்கு 80 அங்குலம், அதாவது 2032 மி.மீ. லாங் மெம்பர்களின் வெளி அகலம் 29.25 அங்குலம், முன்னாலும் பின்னாலும்.

முறுக்கு இருப்பதை டேப் காட்டாது. நாலடி நீளமுள்ள நேரான இரண்டு ஆங்கிள் துண்டுகளை, ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும், மெம்பர்களின் குறுக்கே வையுங்கள். பத்தடி தள்ளிக் குனிந்து, முன் ஆங்கிளின் மேல்விளிம்பை ஒட்டிப் பின் ஆங்கிளைப் பாருங்கள். இரண்டு விளிம்பும் ஒரே கோடாகப் படுத்தால் முறுக்கில்லை. ஒரு பக்கம் பின் ஆங்கிள் எட்டிப் பார்த்தால் சேசிஸ் திருகியிருக்கிறது. கதவுச் சட்டம் நேராக இருக்கிறதா என்று ஆசாரிகள் பார்க்கும் அதே வித்தை. கண் 2 மி.மீ. வித்தியாசத்தைக்கூடப் பிடித்துவிடும்.

இனி, சந்தையில் அடிக்கடி வரும் மாற்றங்கள்.

டீசல் ஏற்றிய சேசிஸ்தான் அதிகம். 2199 சிசி ஹரிக்கேன் பெட்ரோலுக்குப் பதில் 2112 சிசி பெஷோ எக்ஸ்.டி.பி. 4.90 டீசல் உட்கார்ந்திருக்கும். புதிய மவுண்டிங் பிராக்கெட்டை லாங் மெம்பரின் பக்கவாட்டில் மட்டும் பற்றவைத்திருந்தால் கவலை இல்லை, அரைத்து எடுத்துவிடலாம். மெம்பரின் மடிந்த விளிம்பான மேல் லிப்பிலோ கீழ் லிப்பிலோ குறுக்காக வெல்டிங் ஓடியிருந்தால் யோசியுங்கள். சி வடிவ மெம்பரில் இழுவையும் அழுத்தமும் அதிகம் விழுவது அந்த லிப்களில்தான். அங்கே குறுக்கே போட்ட வெல்டின் ஓரத்தில் நாளடைவில் விரிசல் பிறக்கும். கியர்பாக்ஸ் தாங்கும் நடு கிராஸ் மெம்பர் போல்ட்டில் கழற்றி மாட்டுவது, அதைத் துளையிட்டோ வெட்டியோ இருந்தாலும் பரவாயில்லை, மாற்றுப் பாகம் கிடைக்கும். முன் கிராஸ் மெம்பர் அப்படியில்லை. எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் சம்ப் இடிக்காமல் இருக்க அதை அரைவட்டமாக வெட்டியிருந்தால் விலையில் பாதியைத் தயங்காமல் குறையுங்கள்.

பவர் ஸ்டீயரிங் மாட்டியதில் பார்க்க வேண்டியது, இருப்பதை அல்ல, காணாமல் போனதை. சிஜே ஜீப்புகளின் ஒரிஜினல் ராஸ் ஸ்டீயரிங்கில் பெல்கிராங் என்ற சிறு கை முன் கிராஸ் மெம்பரில் ஒரு முளையில் திரும்பும். பவர் ஸ்டீயரிங் வந்ததும் அந்த முளை உபத்திரவமாகி, வெட்டி எறிந்துவிடுவார்கள். முளை நின்றால் ஒரிஜினல் ஸ்டீயரிங்குக்குத் திரும்ப வழி உண்டு. அதோடு புதிய ஸ்டீயரிங் பெட்டி உட்கார்ந்த இடத்தைச் சுற்றி ஒரு சாண் அளவுக்கு விரிசல் தேடுங்கள். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது அந்தப் பெட்டி மெம்பரைப் பிய்த்துக்கொண்டு வரப்பார்க்கும்; உள்ளே குழாய் வைத்துப் போல்ட் போடாதவர்களின் சேசிஸில் ஓட்டைகள் முட்டை வடிவமாகியிருக்கும்.

ஸ்பிரிங்கை ஆக்சிலுக்கு மேலே தூக்கியது பெரும்பாலும் ஆக்சில் வேலை, சேசிஸுக்குச் சேதமில்லை. முன் ஷாக்கிளைப் பின்னுக்கு மாற்றிய வேலை அப்படியல்ல: லாங் மெம்பரின் முன் நுனியான கொம்பில் ஒரிஜினல் ஹேங்கரை ரிவிட்டோடு பிடுங்கியிருப்பார்கள்.

பாக்ஸிங் செய்த சேசிஸைப் பலர் பலம் கூடியது என்று சொல்லி அதிக விலைக்கு விற்கிறார்கள். சி வடிவத்தின் திறந்த பக்கத்தைத் தகடு வைத்து மூடிவிடுவதுதான் பாக்ஸிங். விறைப்பு கூடும், உண்மை. ஆனால் ஜீப் சேசிஸ் வளைந்து கொடுக்கவே செய்தது. முழு நீளமும் மூடினால் அந்த வளைவு பாக்ஸ் முடியும் இடத்தில் வந்து குவியும், விரிசல் அங்கே விழும். போதாக்குறைக்கு, நீள வெல்டிங்கை ஒரே இழுப்பில் போட்டிருந்தால் சூட்டில் மெம்பர் வெல்ட் பக்கமாக வில் போல் வளைந்திருக்கும். மெம்பரின் பக்கத்தில் நூல் பிடித்தால் தெரிந்துவிடும். தண்ணீர் வடிய அடியில் ஓட்டை வைக்காத பாக்ஸ் உள்ளிருந்தே அரித்திருக்கும், வெளியே கறுப்பு பெயின்ட் பளபளக்கும். சுத்தியலால் ஒரு சாணுக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போங்கள். "டண்" என்று போய்க்கொண்டிருந்த சத்தம் ஓரிடத்தில் "தொப்" என்று விழுந்தால் அங்கே துரு அடை, அல்லது புட்டி. காந்தம் வைத்தால் எது என்று தெரியும், புட்டியில் பிடிக்காது. ரெஸ்டோரேஷனுக்கு முழு பாக்ஸ் சேசிஸ் வேண்டவே வேண்டாம் என்பது நம் தீர்ப்பு. காட்டுப் பாதையில் ஓட்ட மட்டும் கட்டுகிற ஜீப் என்றால் பேச்சு வேறு.

நீளம் கூட்டியது கடைசி ரகம். 80-ஐ 91 அங்குலமாக்க நடுவில் 11 அங்குலத் துண்டு சேர்ப்பார்கள், அதாவது 279 மி.மீ. "திரும்ப வெட்டி 80 ஆக்கிக்கலாம் சார்" என்பார்கள். வெட்டலாம். பக்கத்துக்கு இரண்டாக நாலு முழு வெட்டு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு முழு வெல்ட், அதுவும் ஏற்கெனவே சூடேறிய இரும்பில். ஒட்டு நேர்ச்செங்குத்தாக, மேலிருந்து கீழே ஒரே கோடாக இருந்தால் உடனே நிராகரியுங்கள். வளையும் சுமை முழுவதும் அந்த ஒற்றைக் கோட்டில் விழுகிறது. ஒட்டைச் சாய்வாகவோ படியாகவோ வெட்டி, உள்பக்கம் முனை கூரான தகடு வைத்திருந்தால் செய்தவர் வேலை தெரிந்தவர். அப்போதும் அது வேலை செய்யும் வண்டிக்கான சேசிஸ், ரெஸ்டோரேஷனுக்கானது அல்ல.

சந்தேகமான வெல்ட் எதுவானாலும் கண்ணை நம்பாமல், விரிசலை நிறத்தில் காட்டும் டை பெனிட்ரன்ட் போடுங்கள். மூன்று ஸ்பிரே டப்பா, பெரிய ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். இடத்தை ஒயர் பிரஷ் போட்டு இரும்பு தெரியத் தேய்க்கவும். கிரைண்டர் வேண்டாம், அது விரிசலின் வாயை மூடிவிடும். முதல் டப்பா கிளீனர். அது காய்ந்ததும் சிவப்பு மருந்தை அடித்து 10 முதல் 15 நிமிடம் விடவும். பிறகு துணியில் கிளீனர் நனைத்துத் துடைக்கவும். நேரடியாக அடித்தால் விரிசலுக்குள் போன மருந்தும் கழுவிப் போய்விடும். கடைசியாக வெள்ளை டெவலப்பரை மெல்லிசாக அடித்துக் காத்திருங்கள். விரிசல் இருந்தால் வெள்ளையின் மேல் தலைமுடி போல் ஒரு சிவப்புக் கோடு மெல்லக் கசிந்து வரும். புள்ளி புள்ளியாக வந்தால் வெல்டில் காற்றுத் துளை. ஹேங்கர் நாலு, ஸ்டீயரிங் பெட்டி இடம், ஒட்டு இருந்தால் ஒட்டு: இத்தனை இடத்திலும் கோடு வராத சேசிஸுக்குத்தான் அட்வான்ஸ் கொடுக்கலாம்.

ரிவிட் தலையைச் சுற்றி குங்குமம் தூவினது போல் துருப்பொடி இருந்தால் அது உள்ளே ஆடுகிறது. தலையைச் சுற்றி வெல்ட் வைத்து அடைப்பது பட்டறை வழக்கம், தவறான வழக்கம். ரிவிட்டை எடுத்து, ஓட்டையை ரீமர் போட்டு, இறுகலாக நுழையும் 8.8 அல்லது 10.9 கிரேடு போல்ட் போடலாம். முழு ஒரிஜினல் வேண்டும் என்பவர்கள் ரிவிட்டே அடிக்க வேண்டும்.

காகித விஷயத்தையும் சேர்த்தே விலை பேசுங்கள். 2021-இல் வந்த விண்டேஜ் வாகன விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றமில்லாமல் ஒரிஜினல் நிலையில் உள்ள வண்டிக்குத்தான் விஏ வரிசை நம்பர். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடத்துக்கு, புதுப்பிக்க 5,000. நீளம் கூட்டிய சேசிஸும் பாக்ஸ் சேசிஸும் இந்த இடத்திலேயே விழுந்துவிடும். விஏ நம்பர் வேண்டாம் என்பவரையும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு விடாது: தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியின் விவரங்களை மாற்றக்கூடாது என்கிறது அது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஆர்.சி.யில் பெட்ரோல் என்றிருந்து சேசிஸில் டீசல் மவுண்ட் இருந்தால், எரிபொருள் மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. போட்ட பதிவு எங்கே என்று கேளுங்கள்.

மொத்தத்தில் பக்கவாட்டு பிராக்கெட் மட்டும் சேர்த்த, பெல்கிராங் முளை நிற்கும், மூலைவிட்டம் 3 மி.மீ.க்குள் உள்ள டீசல் சேசிஸுக்கு ஐந்துக்கு நாலு. முன் கிராஸ் மெம்பர் வெட்டுப்பட்டதற்கு இரண்டரை, அதுவும் விலை இறங்கினால். பாக்ஸுக்கும் ஒட்டுக்கும் ஒன்று. கிராஸ் மெம்பர், ஷாக்கிள் பிராக்கெட் என்று உதிரிக்காக எடுத்தால் எடை விலைக்கு மேல் ஒரு ரூபாய் தர வேண்டாம். உதிரிக்காக வாங்கினாலும் அந்த சேசிஸின் நம்பர் உள்ள ஆர்.சி.யை ரத்து செய்த ரசீதைக் கையில் வாங்கிக்கொண்டே லாரியில் ஏற்றுங்கள்.