இரவு ஒன்பது மணி டிவி நிகழ்ச்சிக்கு யார்: அர்னாபா, ரவீஷா?

ரிபப்ளிக் டிவியின் அர்னாப் கோஸ்வாமி என்றால் திரையில் பத்துப் பெட்டிகள், பத்து வாயும் அசையும், காதில் விழுவது அவர் குரல்தான். இந்தி நடிகர் சுஷாந்த் சிங் மரணத்தை அந்தச் சேனல் கையாண்ட விதத்தை 2021 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றமே கண்டித்தது. பாகிஸ்தானியர் மீதான வெறுப்புப் பேச்சுக்காக அவர்களின் இந்திச் சேனலான ரிபப்ளிக் பாரத்தின் உரிமதாரருக்கு பிரிட்டனின் ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காம் 20,000 பவுண்டு அபராதம் விதித்தது. ஆனால் வேறொருவரைத் தற்கொலைக்குத் தூண்டியதாக இருந்த பழைய வழக்கில் 2020 நவம்பரில் அர்னாப் கைதானபோது, ஒரே வாரத்தில் உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. அது சரியான தீர்ப்பு என்றே சொல்வேன்.

அதே ஒன்பது மணிக்கு என்டிடிவி இந்தியா என்ற இந்திச் சேனலில் இருந்தவர் ரவீஷ் குமார். டெல்லி ஜேஎன்யு பல்கலைக்கழக மாணவர்கள் மீதான தேசத்துரோக வழக்கு விவகாரம் கொதித்த 2016 பிப்ரவரி 19 அன்று திரையை முழுக்க இருட்டாக்கினார். அந்த இருட்டில் டிவி விவாதங்களின் கூச்சலை ஒலிக்கவிட்டார். பார்த்தவர்கள் மறக்க முடியாத இரவு அது. 2019இல் மகசேசே விருது. மோடி எதிர்ப்பைத் தவிர இவருக்கு வேறு தெரியாது என்பார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. என்டிடிவி அதானி குழுமத்தின் கைக்குப் போனதும் 2022 நவம்பரில் விலகி யூடியூபுக்குப் போய்விட்டார்.

என் ஓட்டு ரவீஷுக்கு. தேர்வெழுதிவிட்டு வேலை ஆணைக்காகக் காத்திருக்கும் பையன் அவர் நிகழ்ச்சியில் பேசி முடிக்கும்வரை யாரும் குறுக்கே விழுவதில்லை.