மினி வேனில் வரும் ஒட்டுமாங்கன்று: இலையைப் பார்த்து ஏமாறாதீர்கள்

சித்திரை கடைசியில் எங்கள் தெருவுக்கு ஒரு மினி வேன் வந்தது. இமாம்பசந்த் ஒட்டுக்கன்று, மூன்றாம் வருஷமே காய்க்கும் என்று ஒலிபெருக்கியில் கூவல். ஒன்று 350 ரூபாய். தளதளவென்ற இலையில் மயங்கி இரண்டு வாங்கினேன்.

நட்ட நான்காம் நாளே இரண்டும் தலை தொங்கிவிட்டன. வேன்காரருக்குப் போன் செய்தேன். "இடம் மாறின வாட்டம் சார். ரெண்டு கை டி.ஏ.பி. உரம் போட்டுத் தண்ணிய நல்லா விடுங்க" என்றார். மறுநாள் அவரே வந்து, லேபிள் இல்லாத பாட்டில் ஒன்றை 'வேர் டானிக்' என்று 250 ரூபாய்க்குத் தள்ளிவிட்டுப் போனார். வாங்கினேனே, என்னைச் சொல்ல வேண்டும்!

நல்லவேளை, ஒரு கன்றுக்குத்தான் அவர் சொன்ன வைத்தியம். ஒரே வாரத்தில் இலை ஓரமெல்லாம் கருகி, தண்டும் காய்ந்தது. பிடுங்கிப் பார்த்தால் ஆணிவேர் நறுக்கென்று வெட்டுப்பட்டு நிற்கிறது. சல்லிவேர் பேருக்கு நாலு. பையில் வளர்ந்த கன்றே இல்லை. நிலத்தில் தோண்டி, விற்பதற்காகப் பைக்குள் திணித்திருக்கிறார்கள். வேர் போன செடி இருக்கிற இலைக்கே தண்ணீர் தர முடியாமல் தவிக்கும். அதன் காலடியில் உரத்தைக் கொட்டினால் மண்ணில் உப்பு ஏறி, மிச்ச வேரும் நீரை உறிஞ்ச முடியாது.

இரண்டாவதன் தண்டை நகத்தால் சுரண்டினேன். உள்ளே பச்சை; உயிர் இருக்கிறது. மேற்கு வெயில் படாமல் தென்னங்கீற்று கட்டினேன், பெரிய இலைகளைப் பாதியாக நறுக்கினேன், தண்டைத் தொடாமல் சருகு மூடாக்குப் போட்டேன். விரலை விட்டுப் பார்த்து, மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர். உரம் கிடையாது, டானிக்கும் கிடையாது. ஐந்து வாரம் கழித்து செம்பு நிறத்தில் தளிர் வந்தது.

அந்தச் சந்தோஷத்தில் ஒட்டுப்போட்ட இடம் என்று சுற்றியிருந்த டேப்பைப் பிரித்தேன். ஒட்டின தழும்பே இல்லை! மாங்கொட்டையிலிருந்து முளைத்த வெறும் கொட்டைக்கன்றுக்கு டேப் சுற்றி விற்றிருக்கிறார் மனுஷர்.

வாங்கும்போது தண்டின் அடியைப் பிடித்து லேசாக ஆட்டுங்கள். மண்கட்டியும் சேர்ந்து அசைந்தால் சரி. தண்டு மட்டும் தனியாக ஆடினால் வைத்துவிட்டு வாருங்கள். பை ஓட்டையில் வெள்ளை வேர்நுனி தெரிகிறதா பாருங்கள். டேப்பைக் கொஞ்சம் விலக்கி ஒட்டைக் காட்டச் சொல்லுங்கள்; சாய்வாக ஒரு தழும்பாவது இருக்க வேண்டும். காட்டத் தயங்கினால் அதுவே பதில்.

வேன்காரர் நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லையாம். கொட்டைக்கன்று நன்றாகத்தான் வளர்கிறது. என்ன காய் காய்க்கும் என்று ஆறேழு வருஷம் கழித்துத்தான் சொல்ல முடியும்.