பனையோலை ஆசீர்வாதப் பெட்டி, மூண்டு மாசம் பாவிச்ச பிறகு எழுதுறன்

வருசக் கடைசி ராத்திரி ஆராதனையிலை பைபிள் வசனம் எழுதின வாக்குத்தத்த அட்டை எடுக்கிறது எங்கட சபை ஆக்களுக்குப் பழக்கம்தானே, அவரவர் தனக்கெண்டு ஒண்டை எடுத்துக்கொண்டு போய் பைபிளுக்குள்ளை வைச்சிடுவினம். இந்தப் பெட்டி அப்பிடியில்லை. இதிலை எடுக்கிற வசனம் உங்களுக்கில்லை, முன்னாலை நிக்கிற ஆளுக்கு. அவரின்ர பேரைச் சொல்லி, வாய் திறந்து சத்தமா வாசிக்கவேணும். அதுக்காகத்தான் வாங்கினனான்.

சங்கானைப் பக்கம் ஒரு அன்ரி வீட்டிலை இருந்து செய்யிறா, விலை 1200 ரூபா. குருத்தோலையிலை பின்னின மூடிப்பெட்டி, அப்பாச்சி பாக்கு வைக்கிற கொட்டைப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசு, திறந்தா இன்னும் ஓலை மணக்குது. உள்ளுக்கு 50 கடதாசிச் சுருள், ஒவ்வொண்டும் நூலாலை கட்டினது. பேர் சொல்ல ஒரு கோடு, கீழை வசனம்.

நான் முதல் எடுத்த சுருள் எண்ணாகமம் 6ஆம் அதிகாரம், "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்". 1979இலை எருசலேமிலை ஒரு பழைய கல்லறைக் குகைக்குள்ளை இதே ஆசீர்வாதம் எழுதின ரெண்டு சின்ன வெள்ளிச் சுருள் கண்டெடுத்தவை, 2600 வருசம் அளவு பழசு, அதுவும் இப்பிடித்தான் சுருட்டி இருந்தது. இன்னொண்டு பாருங்கோ, முழுச் சனத்துக்கும் சொல்லுற ஆசீர்வாதம், ஆனா "உங்களை" எண்டு இல்லை, "உன்னை" எண்டுதான் இருக்கு. அதாலைதான் அந்தக் கோட்டிலை ஒரு ஆளின்ர பேர் அப்பிடிப் பொருந்துது.

எங்கட வீட்டிலை பிள்ளையளை வாயாலை வாழ்த்துற பழக்கம் இல்லை. அன்பு இருக்கு, அது சாப்பாட்டுக் கோப்பையிலைதான் தெரியும், வாயிலை வாறது எருமை, சனியன், உருப்படமாட்டாய். துதிக்கிறதும் சபிக்கிறதும் ஒரே வாயிலை இருந்து வருது எண்டு யாக்கோபு எழுதினதை எத்தினை தரம் வாசிச்சிருப்பன், என்ர வாயைப் பற்றி எண்டு நினைக்கேல்லை. மகனுக்கு ஓ லெவல் கணக்குச் சோதினை அண்டைக்கு, அவன் ஒரு சப்பாத்தைப் போட்டு மற்றச் சப்பாத்தின்ர லேஸைக் கட்டிக்கொண்டு இருக்கேக்கை, என்ர மனுசன் தானாப் போய் பெட்டியைத் திறந்து ஒண்டை எடுத்தார். "நீ போகும் இடமெல்லாம் உன் தேவனாகிய கர்த்தர் உன்னோடே இருக்கிறார்." செய்தி வாசிக்கிற மாதிரித் தொடங்கினவர், மகன்ர பேரிலை நிண்டிட்டார், தொண்டையைச் செருமிப்போட்டு திரும்ப முதலிலை இருந்து வாசிச்சார், இந்தமுறை கை அவன்ர தலையிலை. பிள்ளை லேஸைப் பிடிச்சபடி அசையாமல் இருந்தான்.

குறையும் சொல்லவேணும். கடதாசி மெல்லிசு, நாலைஞ்சு தரம் விரிச்சுச் சுருட்டக் கிழியுது. ரெண்டு வசனம் இரட்டிச்சு இருந்தது. மகளுக்கு "ஔஷதம்" எண்டா என்ன எண்டு விளங்கேல்லை. ஆறுமுக நாவலரும் பேர்சிவல் பாதிரியாரும் சேர்ந்திருந்து பைபிளைத் தமிழாக்கின யாழ்ப்பாணம் இது, வசனத்துக்குக் கீழை நாங்கள் கதைக்கிற தமிழிலை ஒரு வரி போடலாம். அதைவிட, வசனமே இல்லாத சுருள் ஒண்டு, 30 நாளிலை கடன் எல்லாம் தீரும் எண்டு. அதை எடுத்து எறிஞ்சுபோட்டன், அன்ரிக்கும் சொன்னன். அது ஆசீர்வாதம் இல்லை, சாத்திரம். நாங்கள் கர்த்தரின்ர நாமத்தைச் சொல்லுறம், ஆசீர்வதிக்கிறது அவர், எண்ணாகமத்திலை அந்த ஆசீர்வாதம் முடிய வாற வசனமே அதைத்தானே சொல்லுது. அன்ரி கேட்டுக்கொண்டா, இனிப் போடமாட்டன் எண்டவ.

மரக்கறி கொண்டுவாற அக்கா சைவம், நெத்தி நிறையத் திருநீறு. பெட்டியைக் கண்டிட்டு என்னம்மா இது எண்டு கேட்டா, நான் சொன்னன், உங்களுக்கு ஒண்டு வாசிக்கட்டோ அக்கா எண்டும் கேட்டன். போவாஸ் வயலுக்கு வந்து அறுக்கிற ஆக்களைப் பார்த்து "கர்த்தர் உங்களோடே இருப்பாராக" எண்டு சொல்லுற ரூத் வசனம் வந்தது. அவ தலையிலை இருந்த சும்மாட்டை எடுத்து மடியிலை வைச்சுக்கொண்டு கேட்டா. பிறகு, "பிள்ளை, என்ர பேரைச் சொல்லி இன்னொருக்கா வாசியுங்கோ, இப்ப ஆர் என்ர பேரைச் சொல்லிக் கூப்பிடினம்" எண்டா.

லண்டனிலை இருக்கிற தங்கச்சிக்கும் ஒண்டு சொல்லி வைச்சிருக்கிறன். பெட்டி பின்னி முடிக்க ரெண்டு கிழமை எடுக்கும், கடதாசி இந்தமுறை தடிப்பாப் போடச் சொன்னனான்.