ஹர்த்தால் நடந்த தெருக்களில் ஒரு நடைப்பயணம்: பினாங்கு அனுபவ மதிப்பீடு

பினாங்குத் தீவின் தலைநகரான ஜார்ஜ்டவுனில் சுவரோவியங்களையும் நாசி கண்டார் கடைகளையும் சுற்றிக் காட்டிக் காசு வாங்கும் நடைப்பயணங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால், 1967 நவம்பர் 24ஆம் நாள் இத்தீவில் தொடங்கிய ஹர்த்தால் என்னும் கடையடைப்புப் போராட்டம் எப்படி உயிர்ப்பலியில் முடிந்தது என்பதை, அது நடந்த தெருக்களிலேயே நின்று, அதுவும் தமிழில் விளக்கும் பயணமாக என் கண்ணில் பட்டது இது ஒன்றுதான். வரலாறு படித்த இளைஞர்கள் சிலர் சேர்ந்து நடத்துகிறார்கள். தலைக்கு 40 வெள்ளி (ரிங்கிட்). காலை 8 மணிக்குப் பாடாங் கோத்தா லாமாவில் மாநகர மண்டபத்தின் முன் தொடங்கி, ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் கொம்தார் என்னும் வானளாவிய கட்டடத்தில் முடிகிறது. முதல் இரண்டு மணி நேரத்துக்கே கொடுத்த காசு தகும். கடைசிப் பகுதியைப் பற்றித்தான் எனக்குக் குறை உண்டு.

அந்தக் கலவரத்தைப் பற்றி நம் வீடுகளில் பேசும்போது, "சீனருக்கும் மலாய்க்காரருக்கும் அடிதடி" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கம். இந்தப் பயணம் அந்த வரியிலிருந்து தொடங்காமல் வாக்குச்சீட்டிலிருந்து தொடங்குகிறது. மலாயாவின் முதல் நகராண்மைத் தேர்தல் 1951 டிசம்பரில் நடந்தது இந்த ஊரில்தான் என்பதையும், 1957இல் ஜார்ஜ்டவுன் மாநகரானபோது அதன் முதல் மேயராக அமர்ந்தவர் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி.எஸ். ராமநாதன் என்பதையும் வழிகாட்டி சொன்னபோது, உடன் வந்த இளையவர்கள் சிலருக்கு அது புதிய செய்தியாக இருந்தது. அவர் பெயரில் இங்கே ஒரு சாலையே இருந்தும்கூட. 1965இல், இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி, உள்ளூராட்சித் தேர்தல்கள் நாடு முழுவதும் நிறுத்தி வைக்கப்பட்டன. அடுத்த ஆண்டே மாநகராண்மைக் கழகத்தின் அதிகாரம் மாநில அரசின் கைக்குப் போயிற்று. அந்தத் தேர்தல்கள் இன்றுவரை திரும்பவில்லை. கால்வாய் அடைத்தாலும் அங்காடி உரிமம் கிடைக்காவிட்டாலும் போய்க் கேட்க ஓர் ஆள் இருந்தார், கேட்டும் செய்யாவிட்டால் அடுத்த தேர்தலில் அவரைத் தூக்கி எறிய வழியும் இருந்தது. அந்த வழி அடைபட்ட பிறகுதான் தெருவுக்கு வரும் பழக்கம் வளர்ந்தது என்பது வழிகாட்டியின் வாதம். எனக்கு அது சரியாகவே படுகிறது.

அங்கிருந்து துறைமுகத்தை ஒட்டிய பெங்காலான் வெல்ட் சாலை. படகுத்துறை வீடுகளின் முன்னால் படம் எடுக்கும் கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு நிற்பதற்கே பாடு. 1786 முதல் தீர்வையற்ற துறைமுகமாக வாழ்ந்த ஊர் இது. சுமத்திராவிலிருந்து வந்த சரக்கை வாங்கித் தரம் பிரித்து வேறு நாடுகளுக்கு அனுப்பியே வயிறு வளர்த்தது. 1963இல் தொடங்கிய மோதல் அந்த வணிகத்தின் கழுத்தை நெரித்தது. மோதல் 1966இல் ஓய்ந்த பிறகும் பழைய வரத்து முழுமையாகத் திரும்பவில்லை; தீர்வையற்ற உரிமையும் சிறிது சிறிதாகப் பறிபோய், 1969இல் அடியோடு நின்றது. தலைநகரில் இருப்பவர்கள் நம் சோற்றில் கைவைக்கிறார்கள் என்ற எண்ணம், ஹர்த்தாலுக்கு முன்பே இந்தத் தீவில் ஊறிப்போயிருந்தது.

பயணத்தின் உச்சம் லெபோ பந்தாயில், வங்கிக் கட்டடங்களின் எதிரே. வழிகாட்டி ஆளுக்கொரு நோட்டின் வண்ணப் படியைக் கையில் கொடுத்தார்: பழைய நாணய வாரியம் 1961இல் வெளியிட்ட பத்து வெள்ளி, எருமை பூட்டி உழும் விவசாயியின் படத்தோடு. "இது எவ்வளவு?" என்றார். பத்து என்றோம். "நேற்றுவரை பத்து, இன்று எட்டரை" என்று சொல்லிவிட்டு, எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் நின்றார். 1967 ஜூனில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா புதிய நாணயத்தை வெளியிட்டபோது பழையதும் புதியதும் ஒன்றுக்கொன்று சமமாகவே புழங்கின. நவம்பர் 18ஆம் நாள் பிரிட்டன் பவுண்டின் மதிப்பைக் குறைத்தது. பழைய நாணயம் பவுண்டோடு கட்டப்பட்டிருந்ததால் அதுவும் கூடவே விழுந்தது, புதியது விழவில்லை. பழைய ஒரு வெள்ளிக்கு இனி 85 காசுதான் என்று அரசு அறிவித்தது. நிதியமைச்சர் டான் சியூ சின்னின் கணக்கில் அது தவிர்க்க முடியாத முடிவாக இருந்திருக்கலாம். ஆனால் தகர டப்பாவிலும் தலையணைக்கு அடியிலும் பழைய நோட்டாகச் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு, ஒரு குற்றமும் செய்யாமல் நூற்றுக்குப் பதினைந்து அபராதம். இத்தனை சிக்கலான பொருளியலை ஒரு காகிதத் துண்டைக் கொண்டு புரியவைத்ததற்குத் தனியாகப் பாராட்ட வேண்டும்.

இதை எதிர்த்துத் தொழிற்கட்சி ஹர்த்தாலுக்கு அழைப்பு விடுத்தது, கடைகள் மூடப்பட்டது, மூட மறுத்தவர்களோடு மூண்ட தகராறு இனச் சண்டையாகத் திரும்பியது, ஊரடங்கு, கலவரம் கடல் தாண்டிப் பெருநிலத்துக்குப் பரவியது, இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டது ஆகியவற்றை வழிகாட்டி நிதானமாக, யார் பக்கமும் விரல் நீட்டாமல் சொன்னார். "முதலில் அடித்தது யார்?" என்று ஒருவர் விடாமல் கேட்டபோதும் அவர் அசையவில்லை.

இருந்தாலும், எல்லாவற்றுக்கும் காசும் வாக்கும்தான் காரணம் என்பதுபோல் கதை போவது எனக்கு உவப்பாக இல்லை. கோபம் கருவூலத்தின் முடிவின் மீது. அடி விழுந்ததோ பக்கத்துத் தெருக்காரன் மீது. இது ஏன் என்ற கேள்விக்கு விலைக்குறைப்பு மட்டும் விடையாகாது. கடை ஓர் இனத்திடம், நெல்வயல் ஓர் இனத்திடம், துறைமுகச் சுமையும் ரப்பர் தோட்டமும் இன்னோர் இனத்திடம் என்று காலனி ஆட்சி பிரித்து வைத்த ஊரில், எந்தப் பொருளாதார இழப்பும் இனத்தின் முகத்தோடுதான் வந்து நிற்கும். 1957 ஜனவரியிலேயே இங்கு இன மோதல் நடந்திருக்கிறது. மலாயை ஆட்சிமொழியாக்கி 1967 மார்ச்சில் நிறைவேறிய தேசிய மொழிச் சட்டம் இரு தரப்பிலும் வெவ்வேறு காரணங்களுக்காகக் கசப்பை விட்டுச்சென்றிருந்தது. இவற்றுக்கு ஐந்து நிமிடம்கூட ஒதுக்கப்படவில்லை.

கொம்தாரில் நடக்கும் நிறைவுரை இன்னும் பலவீனம். 1969 தேர்தலில் கெராக்கான் கட்சி மாநிலச் சட்டமன்றத்தின் 24 இடங்களில் 16ஐ வென்றது, கோலாலம்பூரில் மே 13 இனக்கலவரம், 1972இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை, பிறகு இந்த வானளாவிய கட்டடம் என்று, நோய்க்கு மருந்து கிடைத்துவிட்டதுபோல் ஓட்டமாக முடித்துவிடுகிறார்கள். தமிழில் நடக்கும் பயணத்தில், தமிழர்களைப் பிடித்துலுக்கிய 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாததை என்னால் மன்னிக்க முடியவில்லை. இந்த மண்ணில் ஆயுளில் பெரும்பகுதியைக் கழித்தும் குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு இருந்தவர்கள், பெர்மிட் இல்லையென்றால் வேலையில்லை என்றானபோது, பல்லாயிரக்கணக்கில் கப்பலேறினார்கள். ரஜூலா கப்பல் நாகப்பட்டினத்துக்கு ஆளேற்றிச் சென்ற ஊர் இது. காலையில் துறைமுகத்தின் அருகே நின்றபோதே சொல்லியிருக்கலாம். கூச்சல் போட்டவர்களின் கோபத்தை மட்டும் கணக்கில் எடுத்தால், வாய் திறக்காமல் போனவர்களின் இழப்பு வரலாற்றிலிருந்து விடுபட்டுவிடும். இதை நான் அமைப்பாளர்களிடமே எழுதிக் கொடுத்திருக்கிறேன், சேர்ப்பதாகச் சொன்னார்கள்.

நடைமுறைக் குறிப்புகள் சில. கடைகளின் முன்னுள்ள ஐந்தடிப் பாதைகளில் மோட்டார் சைக்கிள்கள் அடைத்து நிற்பதால் அடிக்கடி வெயிலில் இறங்கி நடக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இது ஒத்துவராது. தரப்படும் கையேட்டில் எழுத்துப்பிழைகள் மலிந்திருக்கின்றன, ஆனால் வரைபடம் நன்று. இடையில் லெபோ பினாங்கில் பசியாறக் கால் மணி நேரம் விடுகிறார்கள், செலவு நம்முடையது. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை அழைத்துப் போவதில் பயனில்லை. ஐந்தாம் படிவ மாணவர்களுக்குப் பாடப்புத்தகத்தைவிட இது பிடிக்கும். சனி, ஞாயிறு இரு நாளும் நடக்கிறது என்றாலும் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுப்பது நல்லது: ஞாயிற்றுக்கிழமைகளில் லெபோ பசார் பாட்டுக்கடைகளின் ஒலிபெருக்கிச் சத்தத்தில் வழிகாட்டி சொல்வதில் பாதி காதில் விழாது.