விட்டுப் பிடிக்கும் லோடு: நான்கு ஆண்டு அனுபவம்

இன்வெர்ட்டர் பேட்டரிக்கான 12 வோல்ட் சார்ஜர்களைச் சரிபார்க்க எலக்ட்ரானிக் லோடு (சொன்ன அளவுக்குக் கரண்ட்டை இழுத்துச் சூடாகக் கழிக்கும் கருவி) ஒன்றை வாங்கி நான்கு ஆண்டு ஆகிறது. 150 வோல்ட், 40 ஆம்பியர், 200 வாட் வரை தாங்கும் மேசை மாடல். அதற்கு முன் ஒவ்வொரு சார்ஜருக்கும் காலி பேட்டரியை மாட்டிவிட்டு, அது நிறையும்வரை அரை நாள் காத்துக் கிடப்போம். இப்போது லோடையே பேட்டரி மாதிரி நடிக்கவைத்து, கணினியிலிருந்து 10.5 வோல்ட் முதல் 14.6 வரை மெல்ல ஏற்றுகிறேன். ஒரு நிமிடத்தில் சார்ஜரின் குணம் தெரிந்துவிடும். 10 ஆம்பியரில் சமமாகப் போகும் கரண்ட், 14.4 பக்கம் வந்ததும் சட்டென்று விழ வேண்டும்.

வாங்கிய புதிதில் எனக்கிருந்த குழப்பம் ஒன்று உண்டு. லோடு வோல்டேஜ் தரும் கருவி இல்லை. சிவி முறையில் (வோல்டேஜை ஒரே அளவில் பிடித்துவைக்கும் முறை) 12 வோல்ட் என்று சொன்னால், வோல்டேஜ் 12-க்கு இறங்கும்வரை கரண்ட்டை இழுக்கும், அவ்வளவுதான். 12.1 ஆக்கச் சொன்னால் இழுப்பைக் கொஞ்சம் தளர்த்தும். மேலே தள்ளுவது சார்ஜர்தான். பட்டத்தை ஏற்றுவது காற்று, நாம் நூலை விட்டுப் பிடிக்கிறோம் இல்லையா, அதே கதை. அதனால் எதிர்ப்பக்கத்தில் கரண்ட் வரம்பு உள்ள சப்ளை இருந்தால்தான் இது நடக்கும். நிறைந்த பேட்டரியை நேராக மாட்டி 10 வோல்ட் என்று சொல்லிப் பாருங்கள் (வேண்டாம், பார்க்காதீர்கள்): அதை 10-க்கு இறக்கப் போராடி, லோடு தன் உச்ச வரம்புக்கே போய் நிற்கும்.

இன்னொரு சிக்கலும் இதிலிருந்தே வருகிறது. இப்போதைய சார்ஜர்கள் பல பேட்டரி வோல்டேஜைக் கண்ணால் பார்த்தால்தான் விழிக்கும். லோடோ சும்மா உட்கார்ந்திருக்கும். சிறிய பவர் சப்ளை ஒன்றை 0.2 ஆம்பியர் வரம்பு வைத்து, ஒரு டையோடு (கரண்ட்டை ஒரே திசையில் மட்டும் விடுவது) வழியாக இணையாகக் கொடுத்தேன். சார்ஜர் எழுந்து வோல்டேஜ் ஏறியதும் டையோடு தானாக விலகிக்கொள்கிறது.

கமாண்ட் அனுப்புவது எளிது. பைத்தானில் பைவிசா (அளவுக் கருவிகளோடு பேசும் நூலகம்) போட்டு, எஸ்சிபிஐ என்ற கருவிக் கட்டளை மொழியில் வோல்டேஜ் எண்ணை எழுதினால் போதும். வரி முடிவுக் குறியை மறந்தால் மட்டும் பதிலே வராது. என் முதல் நிரலில் 10 மில்லிவோல்ட் ஸ்டெப், ஒவ்வொன்றுக்கும் 100 மில்லிசெகண்ட் தூக்கம். 410 ஸ்டெப்புக்கு 41 செகண்ட் ஆக வேண்டும், ஆனதோ 57. கரண்ட்டைக் கேட்டு வாங்கும் நேரத்தை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. இப்போது ஸ்டெப்பை எண்ணுவதில்லை. தொடங்கி எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கடிகாரத்தைப் பார்த்து, அந்த நொடிக்குரிய வோல்டேஜைக் கணக்கிட்டு அனுப்புகிறேன். ஒரு சுற்று தாமதமானாலும் வோல்டேஜ் ஏறும் சரிவு மாறாது.

கருவிக்குள்ளேயே லிஸ்ட் வசதி (அளவுகளை முன்பே வரிசையாக ஏற்றிவைத்து ஓடவிடுவது) இருக்கிறதே என்று கேட்கலாம். என் மாடலில் அது கரண்ட்டுக்கு மட்டும். ஸ்லூ என்று முன்பலகையில் இருப்பதும் கரண்ட் மாறும் வேகம்தான். அதை வோல்டேஜ் சரிவு என்று நம்பி ஒரு சனிக்கிழமையைத் தொலைத்தேன்.

வோல்டேஜை அளக்க மட்டும் இருக்கும் சென்ஸ் ஒயர் இரண்டையும் சோம்பல் படாமல் சார்ஜர் முனையிலேயே மாட்டுங்கள். ஒயரிலும் கிளிப்பிலும் சேர்த்து 20 மில்லிஓம் இருந்தால், 10 ஆம்பியரில் 0.2 வோல்ட் போச்சு. 14.4-ஐச் சோதிக்கிற இடத்தில் அது பெரிய தப்பு. மெயின் ஒயர்களைக் குட்டையாக வெட்டி ஒன்றோடொன்று முறுக்கியபிறகு, சில சார்ஜர்களோடு வந்த ஊசலாட்டமும் நின்றது.

மிக மோசமான இரவு இரண்டாம் ஆண்டில். சரிவை மறுபடி மறுபடி ஓடவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். பாதியில் லேப்டாப் தூங்கிவிட்டது. லோடு கடைசியாகக் கேட்ட 13.1 வோல்ட்டைப் பிடித்துக்கொண்டு, விடிய விடிய 131 வாட்டைச் சூடாக்கியபடி ஃபேன் அலற நின்றிருக்கிறது. எதுவும் கருகவில்லை. நிரலின் கடைசியில் உள்ளீட்டை அணைக்கும் வரி எழுதியிருந்தேன்தான். தூங்குகிற கணினி அந்த வரிக்கு எங்கே வரப்போகிறது? அதன்பின் லேப்டாப்பை விட்டு ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிக்கு மாறினேன். சார்ஜரின் ஏசி லைனில் ஒரு டைமர் சாக்கெட்டும் போட்டேன். புதிதாக வாங்குகிறவர்கள், தொடர்பு அறுந்தால் தானே அணையும் வசதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். என்னுடையதில் இல்லை.

குறைகள் இருந்தாலும் இதை மாற்றும் எண்ணம் இல்லை. இப்போது ஏற்றத்தோடு இறக்கத்தையும் ஓட்டுகிறேன். சில சார்ஜர்கள் உச்சத்தில் ஃப்ளோட்டுக்கு (நிறைந்த பேட்டரியைக் குறைந்த வோல்டேஜில் அப்படியே வைத்திருக்கும் நிலை) தாவிவிட்டு, இறங்கும்போது 13.6-க்குக் கீழே போகும்வரை கரண்டே தருவதில்லை. ஏறும்போது ஒரு வரைபடம், இறங்கும்போது வேறொன்று. முதல்முறை பார்த்தபோது லோடுதான் கெட்டுவிட்டது என்று நினைத்து, மூடியைத் திறக்க ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டேன்.