இராஜகிரியவில் ஒரு சாய்ந்த நீச்சல் தடாகம்

இந்த முறை ஊருக்குப் போனபோது விமான நிலையமும் வங்கியும் அடையாள அட்டை அலுவலும் ஒழுங்காகவே நடந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. எழுதவைத்தது, கொழும்பை அடுத்த இராஜகிரியவில் அக்கா வீட்டுப் பின்வளவில் இருக்கும் நீச்சல் தடாகமும், அதைத் திருத்தித் தருவதாக வந்த நிறுவனமும்தான்.

தடாகம் தொண்ணூறுகளில் கட்டப்பட்டது. 10 மீற்றர் நீளம், 5 மீற்றர் அகலம், சராசரியாக 1.5 மீற்றர் ஆழம். தியவன்னா ஓயா என்ற நீரோடையை ஒட்டிய அந்த வளவில் மேலே நிரப்பிய கிரவல், அதன் கீழே மக்கிய தாவரங்களாலான கறுத்த சதுப்பு மண். 2018 இல் கொழும்புக்கு, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையின் கீழ், ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தபோது ரொறன்ரோவில் இருந்தபடி நாங்கள் எல்லோரும் பெருமைப்பட்டோம். அந்த ஈரநிலத்தின் மேலேதான் நம்மவர்கள் வீடு கட்டினார்கள் என்பதை யாரும் நினைக்கவில்லை. பாரம் ஏறினால் அந்த மண்ணிலிருந்து நீர் மெல்ல மெல்ல வெளியேற, அது ஆண்டுக்கணக்காக இறுகிக்கொண்டே போகும். சதுப்பின் தடிப்பு எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. ஆகவே தொட்டியும் ஒரே அளவாக இறங்குவதில்லை. அக்கா வீட்டுத் தடாகமும் இப்படித்தான் ஒரு பக்கம் சாய்ந்து, வெடித்தும் இருந்தது.

நிறுவனத்தின் மேற்பார்வையாளர் வந்து, தடாகத்தை ஒருமுறை சுற்றி நடந்து, கைத்தொலைபேசியில் படங்கள் எடுத்துக்கொண்டு போனார். மதிப்பீடு வட்சப்பில் வந்தது: பழைய ரைல் முழுவதையும் உடைத்துப் புதிதாகப் பதிப்பது, வெடிப்புக்குச் சீமெந்து பூசுவது. எது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஒரு அளவுநாடாகூட வைத்துப் பார்க்கவில்லை. "நாளைக்குக் காலமை எட்டு மணிக்கு ஆக்கள் நிப்பினம், சேர்" என்றார். கொழும்பின் 'நாளை' எப்படிப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும்.

அவர்கள் வந்து சேர்ந்தது, இரவு முழுக்க அடைமழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில். கையோடு நீரிறைக்கும் பம்பி கொண்டுவந்திருந்தார்கள். இருட்டுவதற்குள் தடாகத்தை வெறுமையாக்கிவிட வேண்டுமாம். கிணற்றில் நீர் எட்டித் தொடுமளவுக்கு ஏறியிருந்த நேரம் அது. தடாகத்தில் இருந்த நீரின் எடை ஏறக்குறைய 75 தொன். நிலத்தடி நீர் கீழிருந்து மேல்நோக்கித் தள்ளும்போது தொட்டியை அழுத்திப் பிடித்து வைத்திருப்பது அந்த எடைதான். அதை இறைத்துவிட்டால் கொங்கிறீட் தொட்டி ஓடம் போல மிதந்து எழும்பவும், ஏற்கெனவே இருக்கும் வெடிப்பு அடிவரை பிளக்கவும் கூடும். அடித்தளத்தில் அழுத்தத்தை விடுவிக்கும் வால்வு இருக்கிறதா என்று கேட்டேன். "அப்படியொண்டும் தேவையில்லை சேர், நாங்கள் எத்தனையோ செய்திருக்கிறம்" என்ற பதிலே வந்தது. ரொறன்ரோவில் எங்கள் ஸ்காபரோப் பக்கம் குளிர்காலத்துக்குத் தடாகத்தை மூடும்போதும் நீரைக் கொஞ்சம் இறக்குவார்களே தவிர முழுதாக இறைக்கமாட்டார்கள். அத்தான் குறுக்கே நின்று பம்பியின் வயரைக் கழற்றியிராவிட்டால் என்ன நடந்திருக்கும் என்பதை நினைக்கவே எரிச்சல் வருகிறது. முற்பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "ஒஃபிசில கதைக்கோணும்" என்றார்கள்.

பிறகு அயல்வீட்டார் அனுப்பிவைத்த ஹட்டன் பக்கத்து முதிய மேசன் ஒருவர் வந்தார். அவருடைய கையில் ஒரு அளவுநாடா மட்டும்தான். நிற்கும் நீர் எப்போதும் மட்டமாகத்தானே இருக்கும். அவர் நான்கு மூலையிலும் விளிம்புக் கல்லிலிருந்து நீர்வரை அளந்தார். ஆழமான பக்கத்தில் 8 சென்ரிமீற்றர், ஆழம் குறைந்த பக்கத்தில் 13. இறங்கிய பக்கத்தில்தானே விளிம்பு நீருக்குக் கிட்ட வரும். "ஆழமான பக்கம் அஞ்சு எறங்கியிருக்குங்க ஐயா, மேல பூசி என்ன செய்ய?" என்று கேட்டார். ஒரு வாளியில் நீர் நிரப்பித் தடாகத்துப் படியில் வைத்து, வாளிக்கு உள்ளும் வெளியும் அடையாளமிட்டார். மறுநாள் வாளியில் வெயிலுக்கு வற்றியதைவிடத் தடாகத்தில் அதிகம் குறைந்திருந்தது. அப்படியானால் எங்கோ ஒழுக்கு இருக்கிறது, அந்த ஒழுக்கே அடிமண்ணை அரித்து இறக்கத்தைக் கூட்டவும் செய்யலாம். வெடிப்பின் குறுக்கே மெல்லிய சாந்துப் பட்டையொன்றைப் பூசித் திகதியும் எழுதிவைத்தார்: அந்தப் பட்டை பிளந்தால் தடாகம் இன்னும் நகர்கிறது என்று பொருள்.

ரொறன்ரோவில் இதே முடிவைக் கேட்பதற்குப் பொறியியலாளரின் வருகைக்குத் தனிக் கட்டணம் கட்டி, அறிக்கைக்காக வாரக்கணக்கில் காத்திருப்போம். இவர் தேநீர் குடித்துவிட்டு, காசு கொடுக்கப் போனபோது "வேலை செஞ்சா வாங்கிக்கிறேங்க" என்று போனார். ஆனால் அளந்ததைத் தாளில் எழுதித் தரச் சொன்னால், அது தன் வேலை இல்லை என்கிறார். எழுத்தில் இல்லாததை எந்தப் பொறியியலாளரிடம் காட்டுவது?

இப்போதைக்குக் குழாய்களை அழுத்தம் கொடுத்துச் சோதித்து ஒழுக்கை அடைப்பது என்று முடிவாகியிருக்கிறது. மண்ணைத் துளையிட்டுப் பார்த்து, இறங்கிய பக்கத்தைத் தாங்க, கீழேயுள்ள உறுதியான மண்வரை சிறு ஆணித்தூண்கள் இறக்குவதா இல்லையா என்பதை, நிலத்தடி நீர் தாழும் ஜனவரி, பெப்ரவரியில்தான் தீர்மானிக்க முடியும். வெடிப்பைப் பசை செலுத்தி மூடுவதும் ரைல் பதிப்பதும் அதற்குப் பிறகு. சாந்துப் பட்டையைக் கிழமைக்கு ஒருமுறை படமெடுத்து அனுப்பும் பொறுப்பு அத்தானுடையது. முற்பணம் இன்னும் வரவில்லை.