பூஜ்ஜியச் சாய்வா, சாய்வே இல்லையா? பாம்பன் பாலத்தை வைத்து மூன்று வழிகள்

பத்தாம் வகுப்பு ஆயத்தொலை வடிவியலில் பிள்ளைகள் மதிப்பெண்ணைக் கோட்டைவிடும் இடம் கிடைமட்டக் கோடும் செங்குத்துக் கோடும்தான். பாம்பனில் மாலை டியூஷன் எடுக்கிறேன். இந்த இரண்டு கோடுகளையும் வாய்ப்பாட்டைக் கொண்டு சொல்லிக்கொடுக்கலாம், கோணத்தைக் கொண்டு சொல்லலாம், 'எது மாறாமல் நிற்கிறது' என்று கேட்டும் சொல்லலாம். மூன்றையும் எங்கள் ஊர்ப் பாலத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன்.

2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தில் தூக்குப் பகுதியின் நீளம் 72.5 மீட்டர். கப்பல் வந்தால் அது அப்படியே 17 மீட்டர் மேலே போகிறது. தண்டவாள மட்டத்தை எக்ஸ் அச்சாகவும், இடப்பக்கக் கோபுரத்தை ஒய் அச்சாகவும் வைத்துக்கொள்வோம். தூக்கிய பாலத்தின் இரு முனைகள் (0, 17), (72.5, 17).

வாய்ப்பாட்டு வழியில், சாய்வு கண்டுபிடிக்க ஒய் வித்தியாசத்தை எக்ஸ் வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். பாலத்துக்கு 0/72.5, அதாவது பூஜ்ஜியம். கோபுரத்தில் (0, 0), (0, 17) என்று இரண்டு புள்ளிகள் எடுத்தால் 17/0 வருகிறது. பூஜ்ஜியத்தால் வகுக்க முடியாது, எனவே சாய்வு வரையறுக்கப்படவில்லை. விடை சரி. ஆனால் பூஜ்ஜியம் மேலேயா கீழேயா என்பது பரீட்சைப் பதற்றத்தில் பிள்ளைகளுக்கு மாறிப்போகிறது. 17/0 என்பதற்கு 0 என்றும் 17 என்றும் விடை எழுதிய தாள்களை நிறையவே திருத்தியிருக்கிறேன்.

கோண வழிக்குப் பழைய பாலம்தான் பொருத்தம். 1914-இல் திறந்த அந்தப் பாலத்தின் நடுப்பகுதி இரண்டு இறக்கைகளாகப் பிரிந்து நிமிரும்படி கட்டப்பட்டது. சாய்வு என்பது டேன் தீட்டா; தீட்டா என்பது எக்ஸ் அச்சோடு கோடு செய்யும் கோணம். படுத்திருக்கும்போது 0. 45 பாகையில் 1. 80 பாகையில் ஏறக்குறைய 5.67. 89 பாகை வரை நிமிர்வதாக வைத்துக்கொண்டால் 57-ஐத் தாண்டிவிடும். 'அப்போ 90-இல் முடிவிலின்னு எழுதலாமா சார்?' என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். எதிர்ப்பக்க இறக்கையைப் பாருங்கள் என்பேன். அது இடப்புறம் பார்த்து எழுகிறது, அதனால் சாய்வு குறை எண்: −1, −5.67, −57. இரண்டு இறக்கைகளும் முழுதாக நிமிர்ந்தால் இரண்டுமே செங்குத்துக் கோடுகள். ஒன்றின் சாய்வு மேலே ஓடுகிறது, மற்றதன் சாய்வு கீழே ஓடுகிறது. அப்படியானால் செங்குத்துக் கோட்டுக்கென்று எந்த எண்ணைக் கொடுப்பது? 'வரையறுக்கப்படவில்லை' என்ற சொல்லின் பொருள் பிள்ளைகளுக்கு உறைப்பது இங்கேதான். இந்த ஒரு காரணத்துக்காகவே கோண வழியை நான் விடமாட்டேன்.

இங்கே சாய்வு என்ற சொல்லே ஒரு சிக்கல். 'பனைமரம் நேரா நிக்குது, சாயவே இல்ல. அப்போ சாய்வு பூஜ்ஜியம்தானே சார்?' என்று ஒரு பையன் கேட்டான். அவன் தமிழில் தப்பே இல்லை. மரம் சாய்ந்திருக்கிறது என்றால், நிமிர்ந்த நிலையிலிருந்து எவ்வளவு விலகியது என்றுதான் நாம் பார்க்கிறோம். கணக்கிலோ படுத்த நிலையிலிருந்து, அதாவது எக்ஸ் அச்சிலிருந்து அளக்கிறோம். காற்றில் விழுந்து தரையோடு கிடக்கும் பனைக்குத்தான் சாய்வு பூஜ்ஜியம். அன்றிலிருந்து 'சாய்வு இல்லை' என்று விடை எழுதவே கூடாது என்று சொல்லிவிட்டேன். பூஜ்ஜியம் என்று எழுது, இல்லையென்றால் வரையறுக்கப்படவில்லை என்று எழுது.

சமன்பாடு எழுத மூன்றாவது வழியை மிஞ்ச ஒன்றுமில்லை. தூக்கிய பாலத்தில் எங்கே நின்றாலும் உயரம் 17. எக்ஸ் மாறுகிறது, ஒய் மாறவில்லை. எனவே ஒய் = 17. இறக்கிவிட்டால் ஒய் = 0. தூக்கும்போதும் இறக்கும்போதும் சமன்பாடுதான் மாறுகிறது, சாய்வு பூஜ்ஜியமாகவே இருக்கிறது. வலப்பக்கக் கோபுரத்தில் எவ்வளவு ஏறினாலும் எக்ஸ் 72.5-தான், எனவே எக்ஸ் = 72.5. 'எக்ஸ் = என்று எழுதியிருக்கு, அதனால் எக்ஸ் அச்சுக்கு இணை' என்று நினைக்கும் பிள்ளையைக் கோபுரத்தில் மனசால் ஏற்றிவிட்டால் போதும், அது ஒய் அச்சுக்கு இணை என்று தானே சொல்லிவிடும்.

அதனால் என் வகுப்பில் இந்த மூன்றாவது வழிதான் முதலில் வருகிறது. அப்புறம் கோணம். வாய்ப்பாடு கடைசியில், சரிபார்க்க மட்டும்.

சமன்பாட்டு வடிவங்களிலும் இதே போட்டி உண்டு. ஒய் = எம் எக்ஸ் + சி என்பதில் எம்-தான் சாய்வு; அதற்குப் பூஜ்ஜியம் போட்டால் பாலம் வந்துவிடும். கோபுரம் வராது, ஏனென்றால் அதற்கு எம் கிடையாது. ஏ எக்ஸ் + பி ஒய் + சி = 0 என்ற பொது வடிவத்தில் பி-யைப் பூஜ்ஜியமாக்கினால் கோபுரமும் அடங்கிவிடும். இரண்டு கோடுகள் ஒன்றுக்கொன்று செங்குத்தா என்று சோதிக்கும்போதும் கவனம் வேண்டும். சாய்வுகளின் பெருக்கல் −1 வரவேண்டும் என்ற விதியைப் பாலத்துக்கும் கோபுரத்துக்கும் போடவே முடியாது. ஒன்று எக்ஸ் அச்சுக்கு இணை, மற்றது ஒய் அச்சுக்கு இணை, எனவே செங்குத்து என்று வாக்கியமாக எழுதிவிட வேண்டியதுதான்.